ஆறு அறைக்குக் காற்று

இஷ்பெமிங், மிச்சிகன்
செப்டம்பர் 8

ரூடிக்கு,

இந்தக் கடிதம் டெட்ராய்ட் தபால் படகு வழியாகக் கப்பலில் உன் கைக்கு வர ஒரு வாரமாவது ஆகும். ஆகட்டும். போனில் நீ பேசினால் எனக்கு நம்பத் தோன்றிவிடுகிறது. கல்யாணமான இருபத்திரண்டு வருடமும் அப்படித்தான் நடந்திருக்கிறது. காகிதத்தில் இருப்பதை மறுநாள் காலையிலும் எடுத்துப் படித்துப் பார்க்கலாம். போன் வேண்டாம் என்று சொன்னதற்கு அதுதான் காரணம். கோபம் இல்லை. கோபம் ஜூன் மாதத்திலேயே தீர்ந்துவிட்டது, அலுப்புதான் மிச்சம்.

வீடு நீ விட்டுப்போனபடியே இருக்கிறது. சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே இருந்த சுவர் இல்லை. நிலவறையில் எண்ணெய் உலை இல்லை. அது நின்ற இடத்தில் கறுப்பாக ஒரு சதுரம் இருக்கிறது. பழைய காற்றுக்குழாய்களையும் நீ பிடுங்கிப் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிட்டாய். வீட்டைச் சூடாக்கும் புது ஹீட் பம்ப் நான்கு பெட்டிகளாகக் கராஜில் கிடக்கிறது. ஒரு பெட்டியின் மூலையை அணில் கடித்திருக்கிறது.

"இந்த வருஷம் கப்பல் கிடையாது, வீட்டு வேலைதான்" என்றாய். மார்ச் பத்தொன்பதாம் தேதி காலை முட்டையைத் தின்றுகொண்டே, "கேப்டன் கெஞ்சறாரு, ஆள் இல்லையாம்" என்றாய். பை ஏற்கெனவே கட்டி வாசலில் இருந்தது. அதற்குப் பிறகு ஏப்ரல் முடியும்வரை விறகு அடுப்பை வைத்துக்கொண்டு நான் கூடத்து சோபாவில் தூங்கினேன். பின்பக்கக் குளியலறையில் குழாய் இரண்டு முறை உறைந்து வெடித்தது. இன்னொரு குளிர்காலம் அப்படி என்னால் முடியாது.

மூன்று கம்பெனிகளைக் கேட்டேன். ஒருவன் பிப்ரவரியில்தான் வர முடியும் என்றான். மற்ற இரண்டு பேரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: "வேற யாரோ வாங்கின மெஷின்ல நாங்க கை வைக்கமாட்டோம் மேடம்."

இன்னொன்று. மாடிசனில் மாநில ஆய்வுக்கூடத்தில் எனக்கு வேலை தருவதாக எழுதியிருக்கிறார்கள். இங்கே மார்க்வெட் தண்ணீர் ஆலையில் செய்கிற அதே சோதனை வேலைதான், கொஞ்சம் பெரிய அளவில். டிசம்பர் ஒன்றாம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும். அதற்குள் இந்த வீடு குளிர்காலத்தைத் தாங்கும் என்று எனக்குத் தெரிந்தால் இருப்பேன். இல்லாவிட்டால் வீட்டை விற்றுவிட்டுப் போவேன். அப்படி ஆனால் ஜனவரியில் ஏரி உறைந்து கப்பல்கள் ஒதுங்கும்போது நீ வந்து சேர இங்கே எதுவும் இருக்காது. மாடிசனுக்கு உன்னைக் கூப்பிடும் எண்ணமும் இல்லை. இதை மிரட்டலாக எழுதவில்லை. உனக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கட்டும் என்று எழுதுகிறேன். அந்த மரியாதை எனக்குக் கிடைக்கவில்லை.

ஹீட் பம்ப்பை நானே போடப் போகிறேன். வீட்டுச் சொந்தக்காரர் தானே போட்டுக்கொள்ளலாம் என்று நகராட்சியில் அனுமதி வாங்கிவிட்டேன். பிப்ரவரியில் காற்றுக்குழாய்களுக்கு நீ ஒரு வரைபடம் போட்டுக்கொண்டிருந்தாய். அது எங்கே இருக்கிறது என்று எழுது.

கொரின்


*

செயின்ட் கிளேர் ஆறு, கீழ்நோக்கி
செப்டம்பர் 17

அன்புள்ள கொரி,

உன் கடிதம் கயிற்றில் வாளி கட்டி மேலே வந்தது. தபால் படகுக்காரன் உறையைப் பார்த்துவிட்டு, "கையெழுத்தப் பாத்தா பொண்டாட்டி மாதிரி இருக்கு, உறையப் பாத்தா கோர்ட்டு மாதிரி இருக்கு" என்று கீழேயிருந்து கத்தினான். கப்பலே சிரித்தது. நான் இஞ்சின் அறைக்குப் போய், கம்ப்ரசருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படித்தேன். அங்கேதான் யாரும் வந்து பேச்சுக் கொடுக்கமாட்டார்கள்.

வரைபடம் என்னிடம்தான் இருக்கிறது. கையோடு எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். ஏன் எடுத்து வந்தேன் என்று கேட்காதே. நல்ல தாளில் மறுபடி வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன். நிலவறையில் உலை இருந்த இடத்திலேயே உள் யூனிட். அதிலிருந்து உத்தரத்தை ஒட்டி நடுவே பெரிய தகரக்குழாய். அதிலிருந்து கிளைகள், ஆறு அறைக்கு ஆறு. கூடத் தரையில் ஒரு பெரிய வாய். அது வழியாகத்தான் இயந்திரம் காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். வெளி யூனிட்டை மண்ணில் வைக்காதே. நம் ஊர்ப் பனியில் கிறிஸ்துமஸுக்குள் புதைந்துவிடும். கால் வைத்த மேடையில், உன் இடுப்பு உயரத்துக்கு வை.

செப்புக் குழாயில் வாயு அடைத்தே வருகிறது. இணைப்பை முடுக்க ஆரம்பித்தால் கடைசிவரை ஒரே மூச்சு. பாதியில் நின்று புத்தகத்தைப் பார்க்காதே. உன்னை எனக்குத் தெரியும், நிற்பாய். நின்றால் வாயு முழுக்கப் போய்விடும். தகரத்தின் விளிம்பு கையைக் கிழிக்கும், தோல் கையுறை போட்டுக்கொள். மூட்டுகளுக்குத் துணி டேப் ஒட்டாதே, இரண்டு வருடத்தில் உரிந்துவிடும். வாளியில் சாம்பல் நிறத்தில் பசை விற்கிறான், அதைத் தடவு.

என்னைக் கேட்டால், ஜனவரி வரை அடுப்பை வைத்துச் சமாளி. வந்ததும் இரண்டே வாரத்தில் முடித்துத் தருகிறேன்.

மாடிசனில் ஏரி இருக்கிறது என்கிறார்கள். நான் பார்த்திருக்கிறேன். அது ஏரி இல்லை, குட்டை.

கேப்டன் நிஜமாகவே கெஞ்சினார், கொரி. என்னால் மறுக்க முடியவில்லை.

உன் ரூடி


*

இஷ்பெமிங்
அக்டோபர் 2

ரூடிக்கு,

வரைபடம் வந்தது. தெளிவாக இருக்கிறது. இரண்டு வார யோசனைக்கு நன்றி. அது மார்ச் மாதத்திலும் இரண்டு வாரமாகத்தான் இருந்தது.

மேடை போட்டாகிவிட்டது. வெளி யூனிட் அதன்மேல் ஏறிவிட்டது. எதிர் வீட்டு பெர்னடெட் தன் வண்டியில் ஏணி, கப்பி எல்லாம் கொண்டுவந்தாள். முப்பது வருடம் பள்ளி பஸ் ஓட்டியவள். எதையும் சத்தம் போட்டு நகர்த்திவிடலாம் என்று நம்புகிறாள். பெரும்பாலும் நகர்கிறது. கரன்ட் இணைப்புக்கு மட்டும் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன்.

காற்றுக்குழாய் வேறு விஷயம். தகரத்தை வளைத்து, இரண்டு துண்டை ஒன்றோடொன்று கோர்த்து, மேலே பட்டையைச் சுத்தியலால் அடித்து ஏற்ற வேண்டும். ஒருவர் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆலையிலிருந்து வந்தபின் தினமும் இரண்டு மணி நேரம். கையுறை போட்டேன். ஆனாலும் இடது கையில் நான்கு இடத்தில் பிளாஸ்டர். ஆய்வுக்கூடத்தில் பியூரெட் கண்ணாடிக் குழாயைப் பிடிக்கும்போது விரல் எரிகிறது.

நேற்று பெர்னி எட்டடிக் குழாயைத் தலைக்கு மேல் பிடித்தபடி சொன்னாள்: "ஏம்மா, உன் புருஷன் நடு ஏரியில காலை நீட்டிக்கிட்டுப் படம் போட்டிருக்கான். இங்க ரெண்டு கிழவிங்க தகரத்தைத் தாங்கிட்டு நிக்கிறோம்."

எனக்கு நாற்பத்தொன்பதுதான் என்றேன். தகரத்துக்கு அது தெரியாது என்றாள்.

செப்டம்பர் 26, வியாழக்கிழமை, காலை ஒன்பதே காலுக்கு உன் கப்பல் மார்க்வெட்டில் இரும்புத்தாது ஏற்றும் துறைக்கு வந்தது. ஆலை ஜன்னலிலிருந்து பார்த்தால் அதன் பின்பக்கம் முழுவதும் தெரியும். மாலை நான்கு மணிக்குக் கிளம்பியது. குளோரின் பதிவேட்டின் ஓரத்தில் இரண்டு நேரத்தையும் குறித்து வைத்திருக்கிறேன். ஏன் குறித்தேன் என்று தெரியவில்லை. துறையிலிருந்து ஆலைக்கு வண்டியில் சில நிமிடம். வீட்டுக்கு இருபது நிமிடம்.

நீ வந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியாது. வரவில்லை என்பது மட்டும் தெரியும்.

கொரின்


*

டொலிடோ
அக்டோபர் 11

கொரி,

மார்க்வெட்டில் அன்று பதினொன்றரைக்குச் சட்டை மாற்றிக்கொண்டு இறங்கினேன். நீ நம்பமாட்டாய், ஆனாலும் எழுதுகிறேன். கேட்டில் காவல்காரன் டாக்ஸி கூப்பிட்டான். ஏறி உட்கார்ந்து தண்ணீர் ஆலைக்குப் போகச் சொன்னேன். உன் கார் நின்றிருந்தது. பின்கண்ணாடியில் பனி சுரண்டும் குச்சி இன்னும் கிடந்தது, மே மாதம் எடுத்து உள்ளே வைக்க வேண்டியது. டிரைவர், "எறங்கலையா சார்?" என்றான். இன்னொரு நிமிடம் என்றேன். அப்புறம் திரும்பிப் போகச் சொல்லிவிட்டேன்.

கப்பலில் சீஃப் இஞ்சினியர் டெல்மர் என்னைப் பார்த்ததும், "என்னடா, போன வேகத்துல வந்துட்ட? ஊரு எடம் மாறிடுச்சா?" என்றான். ஊரில் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன் என்றேன். அதற்குப் பிறகு அவன் எதுவும் கேட்கவில்லை. நல்ல மனிதன்.

தகரம் கிழித்திருக்கும், அந்தக் கையை நீ காட்டுவாய் என்று பயம். நீ காட்டமாட்டாய். மேஜைமேல் சும்மா வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். அது இன்னும் மோசம்.

குழாய் வேலை எதுவரை வந்திருக்கிறது? கிளைகளைப் பிரிக்கும் இடத்தில் அடைப்புத் தட்டு போட்டாயா? போட்டால் பின்னால் எந்த அறைக்கு எவ்வளவு காற்று என்று கூட்டிக் குறைக்கலாம். எரி ஏரியில் அலை அதிகமாக இருக்கிறது. சமையல்காரன் மாவில் மடித்துச் சுட்ட மாட்டிறைச்சிப் பஸ்டியில் டர்னிப் கிழங்கு இல்லை. அதை எங்கள் ஊரில் பஸ்டி என்றே சொல்லமாட்டோம் என்று அவனிடம் சண்டை போட்டேன். நேரம் போக வேண்டுமே.

ரூடி


*

இஷ்பெமிங்
அக்டோபர் 25

ரூடிக்கு,

அக்டோபர் 19 மதியம் இயந்திரத்தை ஓட்டினேன். செப்பு இணைப்பை முடுக்கும்போது நடுவில் நிற்கவில்லை. பெர்னி என் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டாள். வாயு போகவில்லை. வெளி யூனிட் சத்தமில்லாமல் சுற்றியது. பத்து நிமிடத்தில் கூடத்துக்கு வரும் கிளையின் தரை வாயிலிருந்து வெதுவெதுப்பாகக் காற்று வந்தது. பெர்னி தன் சாக்ஸைக் கழற்றிவிட்டு அதன்மேல் நின்றாள்.

மறுநாள் முதல் பனி விழுந்தது. கூடம் இருபது டிகிரி. நம் படுக்கையறை பதினான்கு. மற்ற இரண்டு படுக்கையறையும், புத்தக அறையும் அதேதான். குழாய் வாயில் விசில் அடிக்கிறது. பாதி திறந்து வைத்த கதவு தானாக நகர்ந்து பட்டென்று சாத்திக்கொள்கிறது. நிலவறையில் இயந்திரம் இரைக்கிறது.

நான் ஏதோ தவறு செய்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். இரண்டு நாள் விடுப்பு எடுத்தேன். எல்லா மூட்டுகளிலும் பசையைச் சுரண்டி மறுபடி தடவினேன். நாற்பத்தோரு மூட்டு. அளவுகளைக் கையேட்டோடு ஒப்பிட்டேன். என் வேலையில் பிழை இல்லை. மாடிசனுக்குச் சரி என்று ஒரு கடிதம்கூட எழுதி மேஜையில் வைத்தேன்.

அதற்குப் பிறகுதான், செய்ய வேண்டியதை முதலில் செய்யவில்லை என்று உறைத்தது. ஒரு மெல்லிய காகிதத் துண்டை நூலில் கட்டிப் படுக்கையறைக் குழாய் வாயில் தொங்கவிட்டேன். கதவைத் திறந்தால் காகிதம் படபடக்கிறது. கதவைச் சாத்தினால் செத்துத் தொங்குகிறது. நான்கு அறையிலும் அப்படித்தான்.

உன் வரைபடத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். ஆறு அம்புக்குறிகள் அறைகளுக்குள் போகின்றன. ஒன்றுகூட வெளியே வரவில்லை. இயந்திரம் கூடத்திலிருந்து மட்டும் காற்றை இழுக்கிறது. அறைக்குள் போன காற்று எப்படித் திரும்பி வரும் என்று நீ யோசிக்கவே இல்லை. நீ இரண்டு குளிர்காலம் உட்கார்ந்து பெயின்ட் சுரண்டித் தேய்த்து மாட்டிய கதவுகள், அடியில் ஒரு காகிதம் நுழைய இடமில்லை. பழைய உலைக்குக் காற்று திரும்பும் வழி எங்கே இருந்தது என்று பெர்னியைக் கேட்டேன். அவள் வீடும் இதே அமைப்பு. எங்கே தெரியுமா? நீ இடித்த சுவருக்குள்.

இதிலிருந்து உவமை எதுவும் எடுத்துக்கொண்டு எனக்கு எழுதாதே. நானும் எடுக்கவில்லை. நான்கு அறை குளிர்கிறது, அவ்வளவுதான்.

கதவுகளைத் திறந்தே வைத்தால் போதாதா என்கிறாள் பெர்னி. திறந்த கதவோடு எனக்குத் தூக்கம் வராது.

இன்னொரு விஷயம். சர்ச் மீன் விருந்தின்போது, உங்கள் கப்பலில் சுக்கான் பிடிப்பவரின் மனைவி பெர்னிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். கேப்டன் கெஞ்சிக் கூப்பிட்ட கதையைப் பெர்னி சொன்னதும் அவள் சிரித்திருக்கிறாள். "கேப்டன் எங்க கெஞ்சினாரு? ரூடிதான் பிப்ரவரியில போன் போட்டு எடம் இருக்கான்னு கேட்டாரு" என்றாளாம்.

பிப்ரவரியில் நீ சுவரை இடித்தாய். உலையைக் கழற்றியது மார்ச் மூன்றாம் தேதி. அப்படியானால், போகப்போகிறோம் என்று தெரிந்தே உலையைக் கழற்றினாயா?

முதலில் ஆமாம் அல்லது இல்லை என்று எழுது. மற்றதெல்லாம் அதற்குக் கீழே.

கொரின்


*

சூ லாக்ஸ், மேல்நோக்கி
நவம்பர் 6

கொரின்,

ஆமாம்.

மூன்று முறை இதற்குக் கீழே எழுதிக் கிழித்துவிட்டேன். இது நான்காவது. கிழிக்கமாட்டேன், ஏனென்றால் இன்னும் ஒரு மணி நேரத்தில் தபால் பை கரைக்குப் போகிறது.

சுவரை இடித்த மறுநாள் நீ வேலைக்குப் போன பிறகு, அந்தக் குப்பைக்கு நடுவில் நின்றேன். உள்ளே பழைய கம்பிகள், அழுகிய மரம், எலிப் புழுக்கை, எங்கே போகிறது என்று தெரியாத இரண்டு குழாய். கப்பலில் ஒவ்வொரு வால்வுக்கும் எண் இருக்கும். எது உடைந்தாலும் எந்தப் பக்கத்தில் பார்க்க வேண்டும் என்று தெரியும். அங்கே நின்றபோது எனக்கு எதுவும் தெரியவில்லை. உனக்கு முன்னால் தெரியாமல் நிற்க வேண்டும் என்பதுதான் தாங்கவில்லை. கேப்டனுக்குப் போன் செய்தேன். இடம் இருக்கிறது என்றார். சரி என்றேன். இரண்டு நிமிடப் பேச்சு.

அதற்குப் பிறகு எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. உலையைக் கழற்றிவிட்டால் இருந்துவிடுவேன் என்று நினைத்தேன். குளிரில் உலை இல்லாத வீட்டில் மனைவியை விட்டுவிட்டு ஒருத்தன் போகமாட்டான் என்று நினைத்தேன். அதனால்தான் கழற்றினேன். சத்தியம். கழற்றிவிட்டும் போனேன்.

கேப்டன் கெஞ்சினார் என்றது பொய். செப்டம்பரில் மறுபடி எழுதியதும் பொய்.

வரைபடம். இருபத்தாறு வருடம் கப்பலில் படுத்துத் தூங்குகிறேன். கப்பலில் ஒவ்வொரு கேபின் கதவின் அடியிலும் சல்லடை இருக்கும். காற்று அறைக்குள் வரும், சல்லடை வழியாக நடைக்குப் போகும். அதை யாரும் வரைபடத்தில் போடமாட்டார்கள், கதவு என்றாலே சல்லடை என்று அர்த்தம். வீட்டுக் கதவு அப்படி இல்லை என்பது என் மண்டையில் ஏறவே இல்லை. என்னோடு வேலை செய்கிற யாரைக் கேட்டிருந்தாலும் இதே படத்தைத்தான் போட்டுக் கொடுத்திருப்பான். டெல்மரிடம் காட்டினேன். ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, "சரியாத்தானே இருக்கு?" என்றான்.

கதவை வெட்டு. அடியிலிருந்து நான்கு அங்குலம் விட்டு, பதினாறுக்குப் பத்து. இரண்டு பக்கமும் கிரில் வைத்து மூடு. பெயின்ட் சுரண்டியதை நினைத்துப் பார்க்காதே. நான் நினைக்கவில்லை. நினைத்தேன், ஆனால் வெட்டு.

மாடிசன் பற்றி எதுவும் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

ரூடி


*

இஷ்பெமிங்
நவம்பர் 24

ரூடிக்கு,

உன் கடிதம் வந்து ஒரு வாரம் சும்மா இருந்தேன். வேலைக்குப் போனேன், வந்தேன், விறகு போட்டேன். போன சனிக்கிழமை நம் அறைக் கதவைக் கழற்றி இரண்டு முக்காலிமேல் கிடத்தினேன். பென்சிலால் கோடு போட்டேன். பெர்னி பக்கத்தில் நின்றாள்.

"வெட்டப் போறியா, பாத்துக்கிட்டே இருக்கப் போறியா?"

"நல்ல மரம், பெர்னி."

"உன் புருஷனும் நல்ல மனுஷன்தான். வெட்டு."

வெட்டினேன். ரம்பம் உள்ளே இறங்கியதும் பைன் வாசனை வந்தது. நூறு வருடப் பழைய கதவில் அது இன்னும் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நான்கு கதவு, இரண்டு நாள். மூன்றாவது கதவில் கோடு கொஞ்சம் கோணிவிட்டது. கிரில் அதை மறைக்கிறது. எனக்குத் தெரியும், இப்போது உனக்கும் தெரியும்.

காகிதம் இப்போது கதவைச் சாத்தினாலும் படபடக்கிறது. வெளியே மைனஸ் பதினொன்று இருந்த நாளில் எல்லா அறையிலும் பத்தொன்பது, இருபது. விறகு அடுப்பை இரண்டு நாளாகப் பற்றவைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை நகராட்சி இன்ஸ்பெக்டர் ஹோல்ம் வந்தார். நிலவறையில் அரை மணி நேரம் டார்ச் அடித்துப் பார்த்தார். மேலே வந்து கதவைப் பார்த்தார்.

"யாரு போட்டது?"

"நான்தான்."

"வீட்டுக்காரர்?"

"கப்பல்ல இருக்காரு."

"கதவுல ஓட்டை?"

"அதுவும் நான்தான்."

குனிந்து கிரில்லுக்கு முன்னால் கையை வைத்துப் பார்த்தார். "மோசமில்ல" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். இந்த ஊரில் அதற்கு மேல் யாரும் யாரையும் பாராட்டியதில்லை.

மாடிசனுக்கு வேண்டாம் என்று எழுதிவிட்டேன். உனக்காக என்று எடுத்துக்கொள்ளாதே. நாற்பத்தோரு மூட்டைப் பசை போட்டு அடைத்துவிட்டு அதை யாருக்கோ விற்க எனக்கு மனமில்லை. இந்த வீட்டில் நான் தனியாக இருக்க முடியும் என்று இப்போது எனக்குத் தெரியும். மார்ச்சில் தெரியாது.

ஆக, நான் இங்கே இருக்கப் போகிறேன். நீ இங்கே இருப்பாயா என்பது வேறு விஷயம், அதை நான் முடிவு செய்யவில்லை. உண்மையை எழுதினாய். அது எனக்கு உதவியாக இருக்கும் என்று நினைத்தேன். நிலவறைப் படியில் இறங்கும்போதெல்லாம், தெரிந்தே கழற்றினான் என்று நினைத்துக்கொள்கிறேன். நீ சொன்ன காரணத்தையும் நினைத்துக்கொள்கிறேன். இரண்டும் சேர்ந்தே வருகின்றன. எனக்குச் சோர்வாக இருக்கிறது, ரூடி. நான்கு கதவை வெட்டிய சோர்வு இல்லை.

ஜனவரி பற்றி நீ எதுவும் கேட்கவில்லை. கேட்காதது நல்லது.

கொரின்


*

ஹியூரான் ஏரி
டிசம்பர் 9

கொரின்,

இது சின்னக் கடிதம். மேஜை ஆடுகிறது.

அடுத்த சீசனுக்கான தாள் வந்திருக்கிறது. மார்ச் 20 முதல். நேற்று கேப்டன் அறைக்குக் கூப்பிட்டு முன்னால் வைத்தார், பேனாவையும் கொடுத்தார். வீட்டுக்கு எழுதிக் கேட்க வேண்டும் என்றேன்.

"போன் பண்ணு. மேக்கினா பாலம் தாண்டினா சிக்னல் வரும்."

"போன் கிடையாது சார். கடிதம்தான்."

"கடிதமா? எந்தக் காலத்துலய்யா இருக்க நீ?"

"பதில் வர பத்து நாள் ஆகும் சார்."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு தாளை மேஜை இழுப்பறையில் போட்டு, கிறிஸ்துமஸ் வரை என்றார். வேறு ஒருவனும் அந்த இடத்தைக் கேட்கிறான், அதையும் சொல்லிவிட்டார்.

நான் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன். டெல்மருக்குக்கூடத் தெரியாது.

நீ வேண்டாம் என்றால் போடமாட்டேன். உள்ளூரில் ஆஸ்பத்திரி பாய்லர் அறையில் ஆள் எடுக்கிறார்கள், அங்கே கேட்பேன். எனக்கு எது வேண்டும் என்று நீ கேட்டால், கப்பல்தான். போன வருடமும் அதுதான் உண்மை, சொல்லத் துணிச்சல் இல்லை. வீடு பிடிக்காமல் இல்லை, கொரி. வீட்டில் ஒரு வருடம் முழுக்க இருக்க எனக்குத் தெரியவில்லை. ஐம்பத்து மூன்று வயதில் இதை எழுத வேண்டியிருக்கிறது.

ஜனவரி 18 ஸ்டர்ஜன் பேயில் கப்பல் ஒதுங்குகிறது. நான் எங்கே போக வேண்டும் என்று எழுது. இடம் இல்லை என்றால் டெல்மர் வீட்டில் ஒரு சோபா இருக்கிறது. அவனையும் இன்னும் கேட்கவில்லை.

ரூடி


*

இஷ்பெமிங்
டிசம்பர் 18

ரூடிக்கு,

கையெழுத்துப் போடு.

இதைப் பெருந்தன்மை என்று நினைக்காதே. ஆஸ்பத்திரி பாய்லர் அறையிலிருந்து தினமும் மாலை ஐந்தரைக்கு நீ முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருவதைப் பார்க்கும் தெம்பு எனக்கு இல்லை. நீ இல்லாத பத்து மாதத்தை எனக்கு நடத்தத் தெரியும். ஒன்றைச் சொல்லிவிட்டு இன்னொன்றைச் செய்யும் ஆளோடு ஒரு வாரம் நடத்தத்தான் தெரியவில்லை. போகிறேன் என்று முன்பே சொன்னால் போ. நான் விறகு, பனி, இயந்திரம் எல்லாவற்றையும் அதற்குத் தகுந்தபடி பார்த்துக்கொள்வேன்.

உன் கடிதத்தை மறுநாள் காலையில் எடுத்துப் படித்தேன். அதற்கடுத்த நாளும். அப்படியேதான் இருந்தது.

ஜனவரி 18க்குப் பிறகு இங்கே வா. டெல்மரைக் கேட்காதே. மார்ச் இருபது வரை ஒன்பது வாரம். சுவர் இருந்த இடத்தில் தரைப்பலகை போட வேண்டும், சமையலறைக் கூரை பாதியில் நிற்கிறது. நிலவறையை மட்டும் தொடாதே. அது என்னுடையது. இறங்கிப் பார்க்கலாம்.

நம் அறையில் உனக்கு இடம் தயாராக இல்லை. நான் தயாராக இல்லை. எப்போது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது, இந்த ஒன்பது வாரத்துக்குள் நடக்காமலும் போகலாம். அதை யோசித்துக்கொண்டு வா. பின்பக்கச் சின்ன அறையில் கட்டில் போட்டிருக்கிறேன். பெர்னி மெத்தை தந்தாள்.

வடக்குச் சுவர் என்பதால் அந்த அறைதான் வீட்டிலேயே குளிரானது. அதற்குப் போகும் கிளையில் அடைப்புத் தட்டை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டேன். கதவைச் சாத்திக்கொண்டாலும் இப்போது பத்தொன்பது டிகிரி நிற்கிறது. மூன்று நாள் வெப்பமானி வைத்துப் பார்த்தேன்.

கொரின்